புளித்த மாவும் புலம்பெயர்ந்த மக்களும்

மக்கள் ஒரு நிலத்தை விட்டு மற்றொரு நிலத்திற்குப் பெயரும்பொழுது எவற்றைத் தம்மோடு கொண்டு செல்கின்றனர் என்னும் வினாவிற்கு, வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சமயம், மொழி, தொழில் என்றே விடை கூறிச் செல்லும். அடுக்களையை எட்டிப் பார்க்கும் வழக்கம் அவற்றிற்குக் குறைவு. ஆயின் அயல் மண்ணில் குடியேறிய ஓர் இனத்தின் மூன்றாம் தலைமுறையைச் சென்று காண்போமானால், மொழி தேய்ந்திருக்கும், உடை மாறியிருக்கும், பெயர்கள்கூட உருத்திரிந்திருக்கும், ஆண்டிற்கொருமுறை குறித்த நாளில் அடுப்பேறும் எண்ணெய்ச் சட்டி மட்டும் தவறாது ஏறிக்கொண்டிருக்கும். அத்தகைய ஒரு பண்டத்தின் கதையை இம்மலரில் எடுத்துரைக்க முற்படுகின்றோம். அது நம்முடைய பண்டமன்று. போர்த்துக்கல் நாட்டிற்குரிய தீவுகளில் வழங்கி, பசிபிக் மாக்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் வேரூன்றிய ‘மாலாசாடா’ என்னும் இனிப்புப் பணியாரம் அது.

பொருளைக் காட்டாது பெயரை மட்டும் கூறுவது முறையாகாது. கோதுமையின் வெண்மாவில் முட்டை, பால், வெண்ணெய், சிறிது சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து, ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்து, பொங்கி எழுந்த மாவைச் சிறிது சிறிதாகக் கிள்ளி எண்ணெயில் பொரித்து, சூடு ஆறுமுன் சர்க்கரையில் புரட்டி எடுத்தால் மாலாசாடா ஆயிற்று. அமெரிக்க டோனட்டிற்குள்ள நடுத்துளை இதற்கு இல்லை. மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ‘மால் அசாடா’ என்னும் போர்த்துக்கீசியத் தொடருக்குச் சரிவர வேகாதது என்று பொருள். அதிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். குறை கூறும் பெயரைச் சூட்டிவிட்டு விருப்பத்தோடு உண்பது எல்லா நாட்டு மக்களுக்கும் இயல்பு போலும்.

வடநாட்டில் வாழும் நம்மவர்க்குப் புளித்த மாவைப் பொரிப்பது புதிய செய்தியன்று. காலை வேளையில் தெருமுனையில் பிழியப்படும் ஜிலேபி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. முதல்நாள் கரைத்துப் புளிக்கவைத்த மாவில்தான் அதன் மெல்லிய புளிப்பு பிறக்கிறது. அரபு மொழியில் ‘ஸலாபியா’ எனப்படும் பண்டத்தைப் பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல் வர்ராக் தொகுத்த சமையல் நூல் குறிப்பிடுகின்றது. அப்பெயரே ஜிலேபி எனத் திரிந்து, 1450ஆம் ஆண்டையொட்டி ஜினசூரர் என்னும் சமண ஆசிரியர் இயற்றிய நூலில் வணிகர் விருந்தொன்றில் இடம்பெற்றுவிடுகின்றது. நம் நாட்டு ஜாங்கிரியை அதன் உடன்பிறப்பு என்று கருதுவோர் உளர். ஜாங்கிரி உளுந்தால் ஆவது, புளிப்பு வேண்டாதது. உருவம் ஒன்றாயினும் பிறப்பு வேறு.

புளிப்பு என்பது யாது? பன்னெடுங்காலம் மனிதன் அறியாமலே ஆண்டுவந்த ஆற்றல் அது. ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர். மாவிலுள்ள இனிப்பை உண்டு, கரியமில வளியையும் சாராயத்தையும் வெளியிடுவது. அவ்வளியைக் கோதுமை மாவின் பசைத்தன்மை வெளியேற விடாது சிறைப்படுத்துவதால் மாவு உப்புகின்றது; கொதிக்கும் எண்ணெயில் இட்டதும் அவ்வளி மேலும் விரிந்து பணியாரத்தைப் பந்தாக்குகின்றது. இது உயிரின் தொழிலே என்று லூயி பாஸ்டர் நிலைநாட்டியது 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில். கட்டியாக அழுத்திய ஈஸ்ட்டை அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஃபிளைஷ்மன் உடன்பிறந்தார் 1868இல் செய்து விற்கத் தொடங்கினர். அதற்கு முன்பெல்லாம் இல்லத்தரசியர் உருளைக்கிழங்கு வெந்த நீரிலோ முதல்நாள் மாவின் மிச்சத்திலோ உறையைப் பேணி வளர்த்தனர். ஒரு வீட்டில் உறை கெட்டுவிட்டால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவர். தயிருக்கு உறைமோர் கேட்டு அண்டைவீட்டுக் கதவைத் தட்டிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

போர்த்துக்கீசியர்க்கும் நமக்கும் இப்புளிப்பு வழியாகவே ஓர் உறவுண்டு. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அவர்கள் ரொட்டிக்கு ஈஸ்ட் கிடைக்காமையால் கள்ளை ஊற்றி மாவைப் பொங்கச் செய்தனர். பம்பாய்வாழ் தமிழர் நன்கறிந்த ‘பாவ்’ என்னும் பெயர் ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே. ஆப்ப மாவிற்கு நம் முன்னோர் கள் வார்த்ததும் இதே பயன் கருதித்தான். கள்ளுக்குத் தடை வந்த பின்னர் சமையல் சோடா அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் சுவையைப் பிடிக்க அதனால் இயலவில்லை என்பது நம் துணிபு.

இனி மாலாசாடாவிற்கு வருவோம். அட்லாண்டிக் கடலிலுள்ள மதீரா, அசோர்ஸ் ஆகிய தீவுகளில் இது நாள்தோறும் செய்யும் பலகாரமன்று. கிறித்துவர்தம் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகின்றது. அந்நாற்பது நாளும் பண்டைய வழக்கப்படி இறைச்சி, கொழுப்பு, முட்டை ஆகியன விலக்கு. ஆகவே வீட்டிலிருக்கும் முட்டையையும் பன்றிக்கொழுப்பையும் சர்க்கரையையும் அதற்கு முந்திய செவ்வாயன்றே தீர்த்துவிட வேண்டும். பொருளை வீணாக்க மனம் வராத ஏழை மக்கள் கண்ட வழி, எல்லாவற்றையும் ஒரே பண்டமாக்கி ஊரோடு உண்பது. நோன்பிற்கு முந்திய நாளே விருந்தாயிற்று. (பன்றிக்கொழுப்பு என்றதும் நம்மவரில் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும், இன்று பெரும்பாலும் தாவர எண்ணெயே பயன்படுகின்றது.)

செய்முறையில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. ஆயினும் ஹவாயில் பெருவழக்காயுள்ள அளவு ஆறு கோப்பை மாவிற்கு ஆறு முட்டை என்பதாம். தோட்டப்புற வாழ்க்கையில் பசும்பாலுக்கு மாற்றாக டின்னில் அடைத்த சுண்டிய பால் சேர்ந்தது. மாவு சப்பாத்தி மாவைப் போல் கெட்டியாதல் கூடாது. கையில் ஒட்ட வேண்டும். பிசைந்தபின் மாவின்மேல் சிலுவைக் குறியிட்டு, ஒரு வேண்டுதல் கூறித் துணியால் மூடுவது பழைய இல்லங்களின் வழக்கம். அது இருமடங்காக எழும்வரை பிள்ளைகள் துணியைத் தூக்கிப் பார்ப்பதும் திட்டு வாங்குவதும் அங்கும் உண்டு. போர்த்துக்கலின் சில ஊர்களில் மூதாட்டியர் முழங்காலின்மீது தூய துணியை விரித்து, அதன்மேல் மாவை வைத்து மெல்லியதாக இழுப்பர். ‘முழங்கால் பணியாரம்’ என்றே அதற்குப் பெயர். எண்ணெய்ச் சூடு ஏறக்குறைய 180 பாகை இருத்தல் நன்று. குறைந்தால் எண்ணெய் குடிக்கும். மிகுந்தால் மேல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். வெப்பமானி இல்லாத நாளில் ஒரு துளி மாவை இட்டுப் பார்த்தே இதனைக் கணித்தனர்.

மாவிற்கு வெதுவெதுப்பு இன்றியமையாதது. அசோர்ஸ் தீவினர் பலர் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு ஆகிய நெசவாலை நகரங்களிற் குடியேறினர். பனி கொட்டும் பிப்ரவரியில் வரும் பண்டிகைக்கு மாவு எழ வேண்டுமே! கம்பளியாற் போர்த்தி அடுப்பருகே வைத்துக் காத்தனர். தில்லியின் சனவரிக் குளிரில் இட்டிலி மாவுப் பாத்திரத்திற்குக் கம்பளி சுற்றி, குழந்தையைப் போல் அறைக்குள் கொண்டு வைக்கும் நம் இல்லத்தரசியர், மொழி தெரியாவிடினும் அப்பெண்டிரோடு ஒரு நாழிகை உரையாடிவிட முடியும்.

மதீராத் தீவின் வரலாறு இனிப்பும் கசப்பும் கலந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் குடியேற்றம் பெற்ற அத்தீவு அந்நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பாவிற்குச் சர்க்கரை வழங்கும் பெருந்தோட்டமாயிற்று. அங்கே மாலாசாடாவைக் கரும்புப்பாகில் தோய்த்துண்ணும் வழக்கம் இன்றளவும் உள்ளது. சர்க்கரை வாணிகம் பிரேசிலுக்குச் சென்றுவிட்டபின் திராட்சையும் மதுவும் தீவைக் காத்தன. 1852இல் பூஞ்சண நோயும், 1872இல் வேரைத் தின்னும் பூச்சியும் அத்தோட்டங்களை அழித்தன. நிலமற்ற உழவர் வறுமைப்பட்டனர்.

அதே காலத்தில் ஹவாய் ஓர் அரசாக விளங்கியது. 1875ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அதன் சர்க்கரை வரியின்றி அமெரிக்கா புகுந்தது, கரும்புத்தோட்டங்கள் பெருகின, ஆட்கள் போதவில்லை. ஹவாயில் நெடுங்காலம் வாழ்ந்து பின்னர் மதீராவில் தங்கியிருந்த மருத்துவரும் செடிநூல் வல்லுநருமாகிய வில்லியம் ஹில்லிபிராண்டு, ‘இத்தீவு மக்களை அழையுங்கள்’ என்ற கருத்தைத் தெரிவித்தார். 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ‘பிரிசில்லா’ என்னும் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட மதீராவினரை ஹொனலூலுவில் இறக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘ரேவன்ஸ்கிராக்’ நானூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொணர்ந்தது. அதில் வந்த மூன்று தச்சர்களின் கைவண்ணத்தில்தான் மதீராவின் சிறு நரம்புக்கருவி ‘உகுலேலே’ ஆகி, ஹவாயின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தென்னமெரிக்காவின் கொம்புமுனையைச் சுற்றி மாதக்கணக்கிற் கடலில் மிதந்து வந்தவர்கள் இவர்கள். 1910ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஹவாய்வாழ் போர்த்துக்கீசியர் இருபத்திரண்டாயிரத்தைக் கடந்திருந்தனர்.

கரும்பிற்காகக் கடல் கடந்தோர் வரிசையில் நம்மவரும் உண்டென்பதை மறத்தலாகாது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று நேட்டாலின் டர்பன் துறையில் இறக்கியது. மொரீசியசும் ஃபிஜியும் அவ்வாறே. உலகம் தேநீரில் சர்க்கரை இட்டுக் கலக்குவதற்காக எத்தனை குடிகள் வேரோடு பெயர்க்கப்பட்டன என்பதை எண்ணினால் இனிப்பே கைக்கும்.

போர்த்துக்கீசியரிடம் ஒரு சிறப்பு இருந்தது. சீனரும் சப்பானியரும் தொடக்கத்தில் பெரும்பாலும் தனியாண்களாகவே வந்தனர். இவர்களோ மனைவி மக்களோடு வந்தனர். ஆகவே முதல் நாளிலிருந்தே இவர்களுக்கு அடுக்களை இருந்தது. தோட்டக் குடியிருப்புகளில் இனவாரியாக வரிசைகள் பிரிக்கப்பட்டிருந்தன. போர்த்துக்கீசியர் வரிசையில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய ‘ஃபோர்னோ’ என்னும் வட்ட அடுப்புகள் எழுந்தன. பல குடும்பங்கள் பகிர்ந்து ரொட்டி சுட்டன. தவக்காலத்திற்கு முந்திய செவ்வாயன்று எண்ணெய் மணம் வரிசையெங்கும் பரவும். ஒரு குடும்பம் தனக்கு மட்டும் ஒரு பிடி மாலாசாடா செய்தல் இயலாது. மாவு எழுந்தபின் காத்திராது. எழுந்த மாவனைத்தையும் பொரித்தே ஆகவேண்டும். பொரித்தது அன்றே தின்னத்தக்கது, மறுநாள் சவுக்குச் சவுக்கென்றிருக்கும். ஆகையால் தட்டுகள் அடுத்த வரிசைகளுக்கும் சென்றன. சப்பானியச் சிறுவனும் பிலிப்பைன்சுச் சிறுமியும் இச்சுவையை இவ்வாறே கற்றனர். கொடைக்குக் காரணம் நெஞ்சின் ஈரம் மட்டுமன்று, மாவின் இயல்புமாம். கெடாது நிற்கும் முறுக்கிற்கும் சீடைக்கும் இல்லாத ஒரு சிறப்பாக இதனைக் கருதுகின்றோம்.

புலம்பெயர்ந்தோர் வழக்கம் புதுமண்ணில் சிறிது நெகிழ்வதும் உண்டு. போலந்து நாட்டில் ‘போன்ச்கி’ என்னும் பொரித்த உருண்டைகளுக்குரிய நாள் தவக்காலத்திற்கு முந்திய வியாழன். டெட்ராய்ட்டைச் சூழ்ந்து குடியேறிய போலந்தினரோ அதனைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டனர். நன்னம்பிக்கை முனையில் வேறொரு கதை. டச்சுக் கம்பெனியார் சாவகம், வங்கம், நம் சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசென்ற மக்களின் வழித்தோன்றல்களிடையே ‘கூசிஸ்டர்’ என்னும் பணியாரம் வழங்குகின்றது. ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்து, ஏலமும் இலவங்கப்பட்டையும் சோம்பும் மணக்கப் பொரித்து, பாகிலிட்டுத் தேங்காய்த்துருவலில் புரட்டுவர். ஞாயிறு காலையில் அண்டை வீடுகளுக்கு அனுப்புவது கேப் டவுன் நகரின் மலாய் முஸ்லிம் குடும்பங்களின் மரபு. அடிமைப்பட்டவர்களிடம் மொழியைப் பறித்தனர், பெயரைப் பறித்தனர். கைப்பக்குவத்தைப் பறிக்கும் வழி அறிந்திலர்.

மீண்டும் ஹவாய். அங்குள்ள போர்த்துக்கீசியர் மொழிக்கு நேர்ந்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹொனலூலுவிலும் ஹீலோவிலும் அம்மொழியில் செய்தித்தாள்கள் வெளிவந்தன; 1920களோடு அவை ஓய்ந்தன. பள்ளியில் ஆங்கிலம், தோட்டத்தில் பல மொழி கலந்த பேச்சு, பேரன் காலத்தில் பாட்டியின் மொழி வாழ்த்துக்கும் வசைக்கும் மட்டும் ஆயிற்று. கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்போன்றோர் கண்ணில் படும் செய்தி மற்றொன்று உண்டு. 1930ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு வரை ‘போர்த்துக்கீசியர்’ என்று ஒரு தனிப் பத்தி இருந்தது. 1940இல் அப்பத்தி நீக்கப்பட்டு, அவர்கள் வெள்ளையர் எண்ணிக்கையிற் சேர்க்கப்பட்டனர். படிவத்தில் ஒரு கோடு குறைந்தால் எழுத்தர்க்கு வேலை எளிது. கோட்டிற்குள் இருந்தவர்களுக்கு எவ்வாறிருந்தது என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

படிவத்தில் இல்லாதொழிந்தவர்கள் கடைவீதியில் மீண்டும் தோன்றினர். சான் மிகேல் தீவிலிருந்து 1882இல் ஒப்பந்தத்தில் வந்த குடும்பமொன்றின் பேரர் ஃபிராங்க் லியனார்ட் ரேகோ என்பவர் தம் மனைவி மார்கரெட்டுடன் 1952இல் ஹொனலூலுவில் ஒரு ரொட்டிக்கடை தொடங்கினார். தவக்காலத்திற்கு முந்திய செவ்வாயன்று மாலாசாடா செய்து விற்குமாறு அவர்தம் தாயார் கூறினாராம். ஓரினத்தார் வீட்டுப் பண்டத்தைப் பிறர் வாங்குவரோ என்று மகன் தயங்கினாராம். விற்றது. ஒருநாட் பண்டம் நாட்பண்டமாயிற்று. இன்று அச்செவ்வாய் ஹவாயில் ‘மாலாசாடா நாள்’ என்றே வழங்குகின்றது. புனாஹோ பள்ளியின் ஆண்டுவிழாவிலும் இதற்கென நெடுவரிசை நிற்கும். தேங்காய்ப்பால் களியும் கொய்யாக்கூழும் உள்ளே திணித்த வகைகள் தோன்றிவிட்டன. மதீராப் பாட்டியார் கண்டால் அடையாளம் காண்பது அரிது.

கடைக்குச் சென்றதால் மரபு பிழைத்ததா, அன்றி அழிந்ததா? இதில் இருவேறு கருத்துகள் உண்டு. வீட்டில் செய்வதே மரபு என்பார் கூற்றில் வலிமை இருக்கின்றது. காசு கொடுத்து வாங்கும் பெட்டியில் துணி மூடிய பாத்திரம் இல்லை. ஒட்டிய கையோடு ஏவப்படும் பிள்ளைகள் இல்லை. அடுத்த வீட்டிற்குச் செல்லும் தட்டு இல்லை. எனினும் கடையின்றேல் சப்பானியரும் சீனரும் பிலிப்பைன்சினரும் தம் பண்டமாகவே அதனைக் கொண்டாடும் நிலை வந்திராது. கடை பண்டத்தைக் காத்தது. நாளைக் காத்தவை வீடுகளே என்பது நம் முடிபு. நாள் இல்லையேல் அது டோனட் வகைகளுள் ஒன்றாக ஒடுங்கியிருக்கும்.

நம் தீபாவளி அதிரசத்தை இவ்விடத்தில் எண்ணாதிருக்க இயலவில்லை. பாகும் மாவும் கொண்டு அப்பம் சமைத்த கூவியரைப் பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் குறிப்பிடுகின்றன. அத்துணைப் பழைமை உடையது நம் எண்ணெய்ச் சட்டி. அதிரசத்திற்கு ஈஸ்ட் வேண்டாம் எனினும், பொறுமை மாலாசாடாவைவிட மிகுதியாக வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் அரைகுறையாக உலர்த்தி, ஈரம் போகாமல் இடித்துச் சலித்து, வெல்லப்பாகு நீரில் இட்டால் உருட்டத்தக்க பதத்தில் கலந்து, ஓரிரு நாள் ஊறவிடல் வேண்டும். தில்லி மாவு மில்காரர்களோ கோதுமை அரைக்கும் கல்லில் ஈர அரிசியை ஏற்பதில்லை. மிக்ஸியில் அரைத்தால் நயம் கிட்டுவதில்லை என்பர் மூத்தோர். ஆகவே கரோல்பாக், முனீர்க்கா, ஜனக்புரிக் கடைகளில் அதிரசம் பொட்டலமாகத் தொங்குகின்றது, வாங்குகின்றோம். எத்தனை வீடுகளில் மாவு இன்றும் ஊறுகின்றது என்பதை இம்மலரைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் குடியிருப்பிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

மாலாசாடாவின் சர்க்கரை பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அதன்மேற் புரட்டும் வெண்சர்க்கரை ஹவாய்க் கரும்பினது என்றே அயலார் எண்ணுவர். தோட்டங்கள் செழித்த காலத்திலும் பெரும்பாலும் பழுப்புச் சர்க்கரையே அங்கு ஆயிற்று. 1906 முதல் அதன் பெரும்பகுதி கலிபோர்னியாவின் கிராக்கெட் ஆலைக்குக் கப்பலேறிச் சென்று வெள்ளையாக்கப்பட்டது.  அக்கரும்பும் இன்றில்லை. மாவி தீவின் புனேனே ஆலை 2016ஆம் ஆண்டு திசம்பரில் கடைசி அரைவையை முடித்துக்கொண்டது. அதுவே ஹவாயின் இறுதிச் சர்க்கரை ஆலை. அடுத்த பிப்ரவரியின் செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன்னரே மாலாசாடாக் கடைகளின் வாயிலில் மக்கள் வரிசையில் நின்றிருந்தனர்.